கட்டிக்கு எட்டு ரூபாய்: அறத்துக்குப் பங்கு தரும் சோப்பைச் செய்யவும் வாங்கவும் ஒரு முழு வழிகாட்டி

சோப்பு உறையில் எழுத ஒரு வரி வேண்டும் என்றுதான் மகளிர் குழுவினர் என்னிடம் வந்தார்கள். "இதில் ஒரு பங்கு அறப்பணிக்கு என்று போட்டால் போதும் டீச்சர்" என்றாள் குழுவின் செயலாளர். "எவ்வளவு பங்கு? யாருக்கு?" என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொடுக்கும் மனம் அவர்களுக்கு நிறையவே இருந்தது. அந்த இரண்டு கேள்விகளை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் குழித்துறைக்குப் பக்கம். பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளம். பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அன்று தொடங்கி அந்தக் குழுவோடு சேர்ந்து கற்றதை முறைப்படி இங்கே எழுதுகிறேன். சோப்பு செய்து விற்க நினைக்கும் குழுக்களுக்கும், கடையில் "இயற்கை", "அறம்" என்று எழுதிய பொருளைக் கையில் எடுத்துத் தயங்கி நிற்பவர்களுக்கும் இது உதவும்.

முதல் படி: யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

எண்ணெய் வாங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். பலரும் விற்பனை தொடங்கி, காசு சேர்ந்த பிறகு ஆளைத் தேடுகிறார்கள். அப்போது கண்ணில் பட்டவருக்குப் போகும், இல்லாவிட்டால் போகவே போகாது.

எங்கள் குழு வலிதணிப்பு சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தது. அதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தில் புற்றுநோய் என்று தெரிந்தால் பல குடும்பங்கள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குத்தான் ஓடும். 1956 வரை நாங்களும் அதே திருவிதாங்கூர் மண்தானே. சிகிச்சை முடிந்தோ, இனி முடியாது என்று ஆகியோ வீட்டுக்குத் திரும்பி வந்தவர்களைப் படுக்கையில் வைத்துப் பார்ப்பது வீட்டுப் பெண்கள். இதற்கு ஒரு வழியைக் கேரளம் காட்டியிருக்கிறது. 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், பிறகு ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டியது. பக்கத்து வீட்டாரிடமும் கடைகளிலும் சேர்ந்த சில்லறைக் காசில் வீட்டுக்கே செவிலியர் போனார்கள். 2008 இல் அங்கே அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. 2003 இல் திருவனந்தபுரத்தில் பேலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், வலியோடு யாரும் சாகக் கூடாது என்பதற்காகவே உழைப்பவர். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிதணிப்புப் பராமரிப்பு உண்டு. ஆகவே கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அரசு தருவது போக எது குறைகிறது என்பதை.

நாங்கள் அதைக் கேட்காமலே முதலில் இரண்டு அட்டைப் பெட்டி சோப்பை எடுத்துக்கொண்டு போனோம். வீட்டுப் பராமரிப்புக்குப் போகும் சிஸ்டர் ஒரு கட்டியை முகர்ந்து பார்த்தார்.

"டீச்சர், வருத்தப்படாதீங்க. நல்ல சோப்புதான் இது. ஆனா எங்க ஆளுங்க தோலுக்கு ஆகாது கேட்டீங்களா."

அவர் சொன்னது முழுக்கச் சரி. மனிதத் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 5 ஐ ஒட்டி இருக்கும். எண்ணெயும் காரமும் சேர்ந்து செய்த எந்த உண்மையான சோப்பும் காரத்தன்மை கூடி 9, 10 இல்தான் நிற்கும். ஆரோக்கியமான தோல் சிறிது நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்கில் படுத்துக் காகிதம்போல் மெலிந்த தோலால் அது முடியாது. வேதியியல் எடுத்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை அந்தக் கட்டிலோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை நான். "அப்போ என்ன வேணும் சிஸ்டர்?" என்று கேட்டபோது பட்டியல் மளமளவென்று வந்தது: நீர் புகாத விரிப்பு, கையுறை, புண் கட்டும் துணி, பெரியவர்களுக்கான டயாபர், காற்று மெத்தை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வருவதைப் பெரிதும் தடுக்கலாம். ஆனால் ஒற்றை ஆளாக இருக்கும் வயதான மனைவியால் இரவெல்லாம் அதைச் செய்ய முடியுமா? அங்கேதான் மெத்தை உதவும்.

உங்கள் அறம் வேறாக இருக்கலாம், பள்ளிக்கூடம், ஆற்றங்கரை, தெருநாய்கள் என்று. எதுவானாலும் பொருளைத் தலையில் கட்டாதீர்கள், கேட்டு அறிந்து பணத்தைக் கொடுங்கள். வாங்கும் அமைப்பு அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவானதா, வருமான வரித் துறையில் அறநிறுவனமாகப் பதிவு உள்ளதா, நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய வரிச்சலுகை ரசீதைத் தருகிறதா, ஆண்டுக் கணக்கைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெயர் இருந்தால் தேடிப் பார்ப்பது எளிது. நேர்மையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.

இரண்டாம் படி: எண்ணெயின் ஊரைக் கேளுங்கள்

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அதன் நன்மை தீமையில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கடைச் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் பாமேட் என்று இருந்தால் பாமாயில், சோடியம் கோகோவேட் என்றால் தேங்காயெண்ணெய், சோடியம் டாலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பு. பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா தோட்டங்களில் இருந்து வருகிறது. அங்கே எண்ணெய்ப்பனைக்காகக் காடுகள் அழிந்த கதை உலகறிந்தது. அதைக் கட்டுப்படுத்தத்தான் 2004 இல் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற சான்று அமைப்பு வந்தது. சான்று இருப்பது இல்லாததைவிட மேல். அதற்காகக் காடு முழுதும் காப்பாற்றப்பட்டது என்று கொள்ள வேண்டாம்.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தென்னை விளையில் காய் வெட்டியவர் யார், கொப்பரை காய்ந்தது எந்தக் களத்தில், ஆட்டியது எந்த மில் என்று ஒரே நாளில் நடந்தே பார்த்து வரலாம். கொப்பரை வெள்ளையாக இருக்கவும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் சில இடங்களில் கந்தகப் புகை போடுவார்கள். அதைக் கேட்டு, புகை போடாத கொப்பரையாக வாங்குங்கள். கேட்க வேண்டிய இன்னொன்று கூலி. தேங்காய் உடைத்துப் பருப்பு எடுக்கும் பெண்களுக்கு நாள் முடிவில் என்ன கிடைக்கிறது? அதைக் கேட்காமல் அறம் என்று உறையில் அச்சிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பிள்ளைக்குத் தேய்க்க வீட்டில் தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயைச் சோப்புக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். காரத்தில் அதன் மணமும் குணமும் போய்விடும். உருக்கெண்ணெயைத் தோலில் அப்படியே பூசுவதுதான் அழகு.

மூன்றாம் படி: எதைச் சேர்க்கக் கூடாது

கவனமாக இருக்க வேண்டிய இடம் இது, நம் வீட்டு வாசலோடு சேர்ந்த கதையும்கூட.

சோப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கவும் சன்ஸ்கிரீன் வெயிலைத் தடுக்கவும் சேர்ப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. உறையில் சி.ஐ. 77891 என்ற எண்ணாக இருக்கும். அதன் மூலப்பொருளான இல்மனைட் கிடைப்பது நம் கடற்கரையின் கருமணலில். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை அதைப் பிரிக்கிறது, அப்பால் கொல்லத்துச் சவறையில் கேரள அரசின் ஆலை வெள்ளைப் பொடியாக்குகிறது. அதே மணலில்தான் கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய மோனசைட்டும் இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் மணல் அள்ளுவதை எதிர்த்து நீண்ட காலமாகப் பேசிவருகிறார்கள். வெயிலில் நிற்பவருக்கு சன்ஸ்கிரீனில் அந்தப் பொடி பயன்தரும், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் கழுவிப் போகும் சோப்புக்கு வெறும் நிறத்துக்காக அது எதற்கு? எங்கள் கட்டி யானைத் தந்தத்தின் நிறமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மினுமினுப்புக்குச் சேர்ப்பது மைக்கா, சி.ஐ. 77019. ஜார்க்கண்ட், பீகார் மைக்காச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பல ஆண்டுகளாக வெளிச்சத்துக்கு வந்தபடி இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

முகப்பொடியில் செஞ்சந்தனம் சேர்க்கச் சொல்லி எங்களுக்கு நிறைய யோசனை வந்தது. அதைத் தரும் செம்மரம் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய, அழிவின் விளிம்பில் நிற்கும் மரம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மலையிலும் மலையடிவாரத்திலும் உள்ள ஊர்களின் கூலித் தொழிலாளிகள். அந்த மரத்தின் பொடியை, எங்கே வெட்டியது என்று தெரியாமல் முகத்தில் பூச எனக்கு மனம் வராது. அரசு ஏலத்தில் எடுத்ததற்கான சான்று உள்ள கடைகள் உண்டு. சான்று இல்லாவிட்டால் கஸ்தூரி மஞ்சளும் பாசிப்பயற்று மாவும் போதும்.

மலைமூலிகை சேர்ப்பதாக இருந்தால் காணி மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அகத்திய மலையின் இரு பக்கமும், பேச்சிப்பாறைப் பக்கமும் வாழும் பழங்குடியினர் அவர்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம் களைப்பைப் போக்கும் என்று அவர்கள் சொன்னதைக் கொண்டு, கேரளத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சியாளர்கள் ஒரு மருந்தை உருவாக்கினார்கள். 1990களில் அதன் உரிமத் தொகையிலும் விற்பனை உரிமைப் பங்கிலும் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குத் தர ஏற்பாடானது. மூலிகையைச் சொல்லித் தந்தவருக்கும் பங்கு உண்டு என்று உலகமே எடுத்துக்காட்டும் முன்மாதிரி அது. நடைமுறையில் தடங்கல்கள் வந்தாலும் எண்ணம் சரியானது. வனப்பொருள் எடுப்பதானால் அவர்களிடம் விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

தேய்த்துக் கழுவும் பொருளில் பிளாஸ்டிக் மணிகள் வேண்டவே வேண்டாம். உறையில் பாலிஎத்திலீன் என்றிருக்கும். வடிகட்டியில் நிற்காமல் ஆற்றோடு கடலுக்குப் போய் மீன் வயிற்றில் சேரும். அரிசித் தவிடு அதே வேலையைச் செய்யும்.

நான்காம் படி: சோப்பு செய்முறை

நிதானமாக முழுவதும் படித்த பிறகு கை வையுங்கள்.

வேண்டியவை: தேங்காயெண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 250 கிராம், ஆமணக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா (காரம் என்று சொல்வது இதைத்தான்) 154 கிராம், தண்ணீர் 330 கிராம். எல்லாமே எடைதான். டம்ளர், கரண்டி அளவு ஆகாது. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஏன் இந்த அளவு? ஒவ்வொரு எண்ணெயும் முழுதாகச் சோப்பாக மாற ஒரு குறிப்பிட்ட அளவு காரம் கேட்கும். ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்குக்கு 0.128. கூட்டினால் 168 கிராம் வருகிறது. நாம் அதில் 8 சதவீதம் போலக் குறைத்து 154 போடுகிறோம். அப்போது கொஞ்சம் எண்ணெய் மாறாமல் கட்டிக்குள் தங்கும், தோல் வறளாது. தேங்காயெண்ணெயில் லாரிக் அமிலம் பாதிக்குப் பக்கம் இருப்பதால் நுரையும் அழுக்கு நீக்கமும் அபாரம், ஆனால் தனியாக நின்றால் தோலை இழுக்கும். நல்லெண்ணெய் அதை ஆற்றும், ஆமணக்கு நுரையை நிலைக்க வைக்கும். எண்ணெயை மாற்றினால் காரத்தின் கணக்கையும் மாற்ற வேண்டும். கண்மதிப்பாகப் போட்டால் தோலைச் சுடும் கட்டி கிடைக்கும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கனமான பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. எங்கள் குழு முதல் நாள் பழக்கத்தில் அலுமினியச் சட்டியை எடுத்துவிட்டது. கரைசல் பொங்கி, சட்டி கறுத்து, ஆவி கிளம்பியது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும், அடுப்பு பக்கத்தில் எரிந்திருந்தால் தீப்பிடித்திருக்கும். அன்று முதல் சோப்புப் பாத்திரங்களுக்குத் தனி அலமாரி, சமையலுக்கு அவை திரும்புவதில்லை.

கையுறை, கண்ணாடி, முழுக்கை உடை போட்டுக்கொண்டு காற்றோட்டமான திண்ணையில் உட்காருங்கள். பிள்ளைகளும் கோழியும் அந்தப் பக்கம் வரக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். உலையில் உப்பைப் போடுவதுபோல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில்தான் சோடா, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் தானாகவே கொதிநீர் அளவுக்குச் சூடாகும். வரும் ஆவியை முகராதீர்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் எதையும் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கரைசலும் எண்ணெயும் தொட்டால் இளஞ்சூடாக, 40 டிகிரி போல இருக்கும்போது கரைசலை எண்ணெயில் ஊற்றுங்கள். தொட்டுப் பார்ப்பது பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும். கையால் கலக்கினால் முக்கால் மணி நேரம் ஆகலாம், கைமிக்ஸர் இருந்தால் சில நிமிடம். கரண்டியைத் தூக்கி மேலே கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மறையாமல் நிற்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்று கெட்டி, அதுதான் பதம்.

மணம் சேர்ப்பதானால் இப்போது. எலுமிச்சைப்புல்லில் எடுக்கும் புல்தைலம் நம் பக்கத்துக்கு உரிய மணம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராமுக்கு மேல் போக வேண்டாம். கிராம்புத் தைலம் நம் மலையில் விளைவது என்றாலும் தோலை எரிக்கும், விட்டுவிடுங்கள். மஞ்சள் தூளைப் போட்டால் கட்டி மஞ்சளாக வரும் என்று எதிர்பார்த்தார்கள் பெண்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரம்தான் இங்கேயும். முதலில் செங்கல் நிறம், நாளாக நாளாக வெளுத்த பழுப்பு.

மரப்பெட்டியில் காகிதம் விரித்து ஊற்றி மூடி வையுங்கள். தேங்காயெண்ணெய் கூடுதலான சோப்பு சீக்கிரம் இறுகும். ஒரு நாள் தாண்டினால் வெட்டும்போது பிளக்கும், ஆகவே 18 மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். 115 கிராம் வீதம் வெட்டினால் 12, 13 கட்டி வரும். காய்ந்ததும் ஒவ்வொன்றும் 100 கிராம் அளவில் நிற்கும்.

பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் நிழலில், காற்று படும்படி இடைவெளி விட்டு அடுக்கிக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விற்றால் கட்டி குளியலறையில் கரைந்து ஓடும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. கட்டிக்குள் இருக்கும் கிளிசரின் ஈரத்தை இழுக்கும் என்பதால் மழை மாதங்களில் சோப்பு வியர்க்கும். நாங்கள் பிப்ரவரி, மார்ச்சில் கூடுதலாகச் செய்து வைக்கிறோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியை நனைத்துப் பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். 10 ஐத் தாண்டினால் அந்தத் தொகுதி விற்பனைக்கு இல்லை.

ஐந்தாம் படி: குதிகாலுக்கு ஒரு மெழுகுத் தைலம்

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தேன் பெட்டி வைத்திருப்பவர்களிடம் மெழுகும் கிடைக்கும். 20 கிராம் தேன்மெழுகை 80 கிராம் தேங்காயெண்ணெயில் இரட்டைப் பாத்திரத்தில் உருக்கிச் சின்ன டப்பாவில் ஊற்றினால் பித்தவெடிப்புக்கும் காய்ந்த உதட்டுக்கும் நல்ல பூச்சு. தண்ணீர் சேராததால் பதப்படுத்தும் பொருள் தேவையில்லை. தண்ணீர் கலந்த கிரீம், லோஷன் பக்கம் போக வேண்டாம். சரியான பதப்படுத்தி இல்லாமல் அதில் கிருமி வளரும், கண்ணுக்குத் தெரியாது.

ஆறாம் படி: உரிமமும் உறையும்

வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. சோப்பும் அழகுசாதனம்தான். 1940 ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனச் சட்டமும் 2020 அழகுசாதன விதிகளும் இதற்குப் பொருந்தும். விற்பனைக்குச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தனி இடம், சுத்தம், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை எல்லாம் கேட்பார்கள். எங்களுக்கு இதில்தான் அதிக காலம் பிடித்தது. சந்தையில் உரிமம் இல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். அறத்தின் பெயரில் விற்பவர் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது. சொந்த இடம் கட்ட முடியாத குழுக்கள் உரிமம் உள்ள ஒரு கூடத்தைப் பயன்படுத்தும் வழியும் விதியில் உண்டு, அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

உறையில் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த மாதம், சேர்மானங்கள், எடை, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். சொறி போகும், தேமல் ஆறும் என்று எழுதக் கூடாது. அது மருந்துக்கான பேச்சு. பொதிய வெறும் காகிதமும் நூலும் போதும். பழைய செய்தித்தாளைச் சுற்றினால் மை கட்டியில் ஒட்டும்.

ஏழாம் படி: கடையில் அடுத்தவர் பொருளை வாங்கும்போது

"விலங்குகளில் சோதிக்காதது" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காக மட்டும் கூடுதல் விலை தர வேண்டாம். 2014 இலேயே இந்தியாவில் அழகுசாதனத்தை விலங்குகளில் சோதிப்பது தடையானது, அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்வதும் அதே ஆண்டில் தடையானது. "டாய்லெட் சோப்" என்பதும் "பேதிங் பார்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் டி.எஃப்.எம். எனப்படும் மொத்தக் கொழுப்புச் சத்து முதல் தரத்தில் 76 சதவீதமாவது இருக்க வேண்டும், இரண்டாவதில் 40 சதவீதம் இருந்தாலே போதும். "இயற்கை", "பசுமை" போன்ற சொற்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2024 இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்திருக்கிறது. ஏமாற்று என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 க்குப் பேசலாம்.

அறப் பங்கைப் பற்றி எழுதியிருந்தால் எவ்வளவு, யாருக்கு, எதிலிருந்து என்று மூன்றையும் தேடுங்கள். பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டமே சொல்கிறது. சட்டப்படி செலவழித்தாக வேண்டியதை "உங்கள் வாங்குதலால்" என்று காட்டுகிறார்களா என்று பாருங்கள். தெளிவாகச் சொல்பவர்களும் உண்டு. பிரிட்டனின் லஷ் நிறுவனம் 2007 முதல் விற்கும் ஒரு லோஷனின் விலையில் வரி போக முழுத் தொகையும் சிறு அமைப்புகளுக்குப் போகிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இன்னொரு வழியும் இருக்கிறது: நன்கொடை தராமல், பொருளை நியாய விலைக்கு வாங்குவது. பிரிட்டனின் அழகுசாதன நிறுவனமான பாடி ஷாப் 1987 இல் தன் சமூக வணிகத்தை நம் மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலத்தில்தான் தொடங்கியது. பாதத்துக்கான மர உருளைகளை அங்கே வாங்கியது, செய்த அமைப்பு லாபத்தில் பள்ளியும் எச்.ஐ.வி. விழிப்புணர்வும் நடத்தியது. 2024 இல் பாடி ஷாப்பின் பிரிட்டன் கிளை நொடித்துப்போனது என்ற செய்தி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது திருமங்கலம்தான். ஒற்றை வாங்குபவரை மட்டும் நம்பி எந்தக் குழுவும் நிற்கக் கூடாது.

எட்டாம் படி: பணத்தை வெளிப்படையாக நடத்துங்கள்

"லாபத்தில் 10 சதவீதம்" என்று எழுதாதீர்கள். லாபம் என்பது கணக்கில் கூட்டவும் குறைக்கவும் முடிந்த எண். எங்கள் கட்டி ஒன்றின் கணக்கை உதாரணமாகச் சொல்கிறேன், விலைகள் மாறும், முறையை மட்டும் பாருங்கள். விற்பனை விலை 90 ரூபாய். எண்ணெய், சோடா, மணம், காகிதம், கூலி, கடைக்காரர் பங்கு எல்லாம் சேர்த்து 62. மீதி 28. பத்து சதவீதம் என்றால் 2 ரூபாய் 80 காசு. எண்ணெய் விலை ஏறிய மாதம் மீதியே இல்லாமல் போனால் அறத்துக்கும் ஒன்றுமில்லை. ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு அந்த மாதமும் டயாபர் வேண்டும். ஆகவே காகிதத்தையும் கூலியையும் போலவே அறத்தையும் ஒரு செலவாக வைத்தோம். விற்கும் ஒவ்வொரு கட்டிக்கும் 8 ரூபாய், லாபமோ நட்டமோ. உறையில் அதை எண்ணாகவே அச்சிட்டோம், யாருக்கு என்ற பெயரோடு.

கூலியைக் குறைத்து அந்த எட்டு ரூபாயை எடுக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம்ம வயித்துல அடிச்சுக் குடுக்குறது தானமாக்கும்?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. விலையை நான்கு ரூபாய் உயர்த்தினோம், மணத் தைலத்தைக் குறைத்தோம்.

அறப்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, மூன்று பேரில் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும்படி செய்யுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். மாதம் முடிந்ததும் விற்ற எண்ணிக்கை, தொகை, ரசீது எண் மூன்றையும் கடை வாசலில் எழுதிப் போடுங்கள். நோயாளியின் பெயர், படம் எதுவும் வேண்டாம். கட்டிலில் கிடப்பவரின் முகத்தைக் காட்டிச் சோப்பு விற்பதை நாங்கள் முதல் கூட்டத்திலேயே வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டோம்.

போன மாதம் எங்கள் பலகையில் இருந்தது இது:

விற்ற கட்டி 412. அறக்கணக்கு 3,296 ரூபாய். செலுத்தியாயிற்று, ரசீது உள்ளே. வாங்கியவை: நீர்புகா விரிப்பு, கையுறை, டயாபர். காற்று மெத்தை ஒன்று திரும்பி வந்தது. துடைத்து உலர்த்தி, மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது.